சேர்ந்து நின்ற கால்கள்

கோல்கீப்பர்களைப் பழக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, போன வாரம் மைதானத்தில் நீங்கள் மூன்று பேரும் எனக்கு வணக்கம் சொன்ன விதத்திலேயே ஒரு சந்தேகம் தட்டிவிட்டது. பணிவு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஒன்று, என் முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பீர்கள். அல்லது, ஓலைக் கொட்டகையில் கிடக்கும் ஒரே நாற்காலி எனக்குப் பிறகு யாருக்கு என்று உங்களுக்குள் பேசி முடித்திருப்பீர்கள். யார் உட்கார்ந்தாலும் சரி. அதன் பின்கால் ஒன்று குட்டை. அடியில் மடித்த காகிதம் ஒன்று முட்டுக்கொடுத்திருக்கும். அதை மட்டும் உருவாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் முழங்கால் என்னைக் கைவிட்டது. பாய்ந்து விழும்போது எந்தத் தோள் முதலில் தரையில் பட வேண்டும், பக்கவாட்டில் அடி எப்படி வைக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது விழுந்து எழுந்து கற்பது. காகிதத்தில் விழ முடியாது. நான் எழுத உட்கார்ந்தது என் தொழில் நோயைப் பற்றி.

கோல்கீப்பருக்குச் சந்தேகம் வேண்டும். வலப்பக்கம் பார்க்கிறவன் இடப்பக்கம் உதைப்பான் என்று நினைக்க வேண்டும். நொண்டுகிறவன் நடிக்கிறான் என்று நினைக்க வேண்டும். ஆட்டம் முடியும்வரை ஊரையே திருடனாகப் பார்க்கிறவன்தான் நல்ல கீப்பர். ஆனால் விசில் ஊதியதும் அதைச் சட்டையோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். எனக்கு அது வரவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோவேன். பால்காரர் சிரித்தால் பாலை எட்டிப் பார்ப்பேன்.

எனக்குக் கோல் காக்கக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே தாமிரபரணி மணலில் என்னை நூறு தரம் விழவைத்தவர். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "முகத்தப் பாக்காதேலே. முகம் பொய் சொல்லும். ஊனின காலப் பாரு, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு வேண்டிய நேரத்தில் மறந்துபோனேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சாயங்காலங்களில் ஊர் டீமுக்குக் கோல்கீப்பரைப் பழக்குவது என் பொறுப்பு. வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் அச்சாபீஸ் ஆட்களும் சேர்ந்த டீம் அது. கோலில் நின்றவர் மாசிலாமணி. மிஷன் அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர். சாத்தான்குளத்துப் பக்கம் சொந்த ஊர். பன்னிரண்டு வயதிலிருந்து பதினாலு வருஷம் பனை ஏறியவர், ஓய்ந்த நேரத்தில் வாசிக்கக் கற்று அச்சாபீஸில் சேர்ந்திருந்தார். என்னைவிட ஆறு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்பேன். நான் வாத்தியார் என்பதால் அவர் என்னை சார் என்பார்.

உயரத்தில் வரும் பந்து அவரைத் தாண்டாது. இரண்டு காலையும் சேர்த்து ஓர் எழும்பு எழும்பினால் பந்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தரையோடு வரும் பந்துதான் சங்கடம். பந்து புறப்பட்டதும் முதல் வேலையாகக் கால்கள் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொள்வார். பிறகுதான் பாய்வார். அதற்குள் பந்து உள்ளே போயிருக்கும். பார்க்கிறவர்களுக்கு, பந்துக்கு மரியாதை செய்து வழியனுப்புகிறார் என்றுதான் தோன்றும். காலை அகட்டி நில்லும், பக்கத்தில் அடி வையும் என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன். தலையாட்டுவார். அடுத்த பந்துக்கும் மரியாதை நடக்கும். நான் அவருக்கு 'அட்டென்ஷன் அண்ணாச்சி' என்று பேர் வைத்தேன். பனையைப் பிடுங்கி நட்ட மாதிரி நிற்கிறார் என்றும் சொன்னேன். டீம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அம்பாசமுத்திரம் டீமோடு எங்களுக்கு ஆட்டம். அந்த டீமை நடத்தியவர் ஒரு அரிசி மண்டி அண்ணாச்சி. நல்ல ஆட்டக்காரன் எங்கே இருந்தாலும் மண்டியில் ஓர் உத்தியோகம் கொடுத்து இழுத்துக்கொள்வார் என்று அவருக்குப் பேர். ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, புதுப் பந்துப் பார்சல் வாங்க நான் சனிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி ஸ்டேஷனுக்குப் போனேன். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ரயிலில் மாசிலாமணி இறங்குகிறார். கையில் ஒரு மூட்டை. என்னைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

எங்கே போய்விட்டு வருகிறீர் என்று கேட்டேன். சாத்தான்குளத்துக்கு என்றார்.

தம்பிமாரே, சாத்தான்குளம் தெற்கே இருக்கிறது. ரயில் மேற்கேயிருந்து வந்தது. அன்று இரவு பாயில் கிடந்து யோசித்தேன். உயரப் பந்தைப் பருந்து மாதிரி பிடிக்கிற மனுஷனுக்குத் தரைப் பந்து வராமலா போகும்? வரும். வேண்டுமென்றே விடுகிறார். மண்டியில் உத்தியோகம் பேசியாகிவிட்டது. மூட்டைக்குள் அதற்கான வேட்டி இருக்கும். இப்படி ஒன்றை ஒன்றில் மாட்டி, விடிவதற்குள் ஒரு முழுச் சங்கிலி செய்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவருக்குத் தெரியாமல் அதே ரயிலில் ஏறினேன். ஆள் தெரியாமல் இருக்கட்டும் என்று வண்டிக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்திருந்தேன். வண்டியிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மாசிலாமணி ஒருவர்தான் பார்க்கவில்லை. அம்பாசமுத்திரத்தில் இறங்கி வாய்க்கால் கரையோடு போனார். மண்டி அண்ணாச்சியின் காரியஸ்தர் எதிரே வந்து அவரை அழைத்துக்கொண்டு வாழைத் தோப்புக்குப் பின்னால் மறைந்தார். நான் பின்தொடர்ந்தேன். தோப்பு முனையில் ஒரு நாய் படுத்திருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. குரைக்கக்கூட இல்லை. நான் திரும்பி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

இன்னும் இருபது அடி நடந்திருந்தால் உண்மையைப் பார்த்திருப்பேன். துப்பறிகிறவன் நாய்க்குப் பயப்படக் கூடாது. பயப்படுகிறவன் துப்பறியக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

ஆட்டத்தன்று காலை ரயிலில் கேப்டன் பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. காகிதத்தில் இல்லாத எதையும் நம்பாதவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "சந்தேகம்னா வாய்க்குள்ள வச்சிக்கிடும். நிச்சயம்னா எழுதிக் குடும். ரெண்டுல எதுவே?" என்றார்.

"நிச்சயம்," என்றேன்.

அச்சாபீஸ் மானேஜர் துரைக்கு அவரே கடிதத்தை எழுதினார். இன்னார் எதிர்க்கட்சியோடு கள்ள உறவு வைத்திருக்கிறார், நம்பி வைத்துக்கொள்ளத் தக்கவரா என்று துரையவர்கள் விசாரிக்க வேண்டும் என்று இரண்டு வரி. கீழே என் கையெழுத்து. அந்தத் துரை ஒரு பொய்க்கு ஓர் ஆளை நீக்குகிறவர். அவரிடம் விசாரணை என்பது கணக்கு முடித்து அனுப்புவதற்கு முந்தின ஐந்து நிமிஷம். மாசிலாமணிக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அச்சாபீஸ் வளவில்தான் வீடு. வேலை போனால் வீடும் போகும். இதெல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

மைதானம் வாய்க்காலை ஒட்டிய மேய்ச்சல் தரை. முந்தின நாள் மழையில் ஊறிக் கிடந்தது. கோலில் நான் நிற்கப்போகிறேன், அவர் கோலுக்கு முன்னால் பேக்காக நின்று தடுக்கட்டும் என்று மாசிலாமணியிடம் சொன்னேன். தரை ஈரம், பின்னால் பலமான ஆள் வேண்டும் என்று ஒரு காரணமும் சொன்னேன். எதற்கும் மறுபேச்சுப் பேசாத மனுஷன் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு மட்டும் என்னைய கோல்ல நிறுத்துங்க. இந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் கேக்கேன்."

இதைவிடச் சாட்சி வேண்டுமா? விலைபோனவன்தான் கோலில் நிற்கக் கெஞ்சுவான் என்று எனக்குள் பளிச்சென்று தெரிந்தது. கையை விடுவித்துக்கொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. அந்தக் காலத்துச் சட்டப்படி கோல்கீப்பர் தம் பாதி மைதானத்தில் எங்கே வேண்டுமானாலும் பந்தைக் கையால் தொடலாம். இப்போது போல் கட்டத்துக்குள் அடைபட்டவர் இல்லை. அந்தச் சுதந்திரம் என்னைப் போன்ற ஆளுக்கு ஆகாது. எந்தப் பந்தைக் கண்டாலும் ஓடினேன். பாதி வழியில், கோல் காலியாகக் கிடக்கிறதே என்று திரும்பி ஓடினேன். எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொடுத்தவரைச் சந்தேகித்து அதையும் தொடவில்லை. வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

இதற்கிடையில் எனக்கு முன்னால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. கோலிலிருந்து பார்த்தால் பேக் ஆடுகிறவரின் முதுகும் காலும்தான் தெரியும். மாசிலாமணியின் கால்கள் அகன்று நின்றன. எதிராளி இந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம், ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து, ஒட்டவே ஒட்டாமல், ஈரத் தரையில் வழுக்காமல் போனார். நான் ஆறு மாதம் கத்தியும் வராத அடி. பாவி மனுஷா, தெரிந்துகொண்டேதான் எங்களிடம் மறைத்தாயா என்று என் சந்தேகம் இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. ஊன்றின காலைப் பார் என்று கம்பவுண்டர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் வயல்வேலைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி என் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ வாத்தியாரே, அந்த அண்ணாச்சிய இங்கன நிறுத்திட்டு நீரு அங்கன போயிருக்கலாம்லா. எங்ககூட மூணு சனிக்கிழம தழை மிதிச்ச ஆளு அவரு."

நான் திரும்பினேன். ஆட்டம் நடக்கும்போது கோல்கீப்பர் திரும்பக் கூடாது. திரும்பினேன். "என்னத்த மிதிச்சாரு?"

"தழைதான். மண்டி மொதலாளி வயல்ல, பிசான நடவுக்குத் தழை போட்டு மிதிச்சோம்லா. கூலி வேண்டாம், காலை அகட்டி நடக்கப் பழகணும்னு காரியஸ்தர்ட்ட கேட்டு வந்தாரு. எங்க வரிசையில நின்னு பக்கம் பக்கமா மிதிச்சாரு. மொத நாளு நாலு தரம் சேத்துல விழுந்தாரு. நாங்க சிரிச்சோம். அவரும் சிரிச்சாரு."

மூட்டைக்குள் இருந்தது சேற்று வேட்டி. இது எனக்குள் போய்ச் சேர்ந்த நேரத்தில் முன்னால் ஒரு கூச்சல் கேட்டது. திரும்பினேன். தரையோடு ஒரு பந்து என் இடப்பக்கமாக வந்துகொண்டிருந்தது. வேகம்கூட இல்லை. தம்பிமாரே, நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு காலையும் ஒட்டிவைத்துக்கொண்டு விறைப்பாக நின்றேன். பந்து என்னைக் கடந்து உள்ளே போனது. கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். இம்முறை நான் பார்த்தேன், மாசிலாமணி சிரிக்கவில்லை.

இடைவேளையில் அவரைத் தனியே அழைத்துப் போனேன். ஏன் சாத்தான்குளம் என்று பொய் சொன்னீர் என்று கேட்டேன். அப்போதும் நான்தான் கேள்வி கேட்கிறவன் பாருங்கள்.

"பின்ன என்னன்னு சொல்ல? சேத்துல கால் பழகப் போறேன்னு சொன்னா, அன்னைக்குச் சாயந்தரமே நீங்க அதுக்கொரு பேரு வச்சிருப்பியள்லா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு தம் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினாலு வருஷம் தளைநார் மாட்டின காலு சார். ரெண்டையும் ஒண்ணாக் கட்டித்தான் மரத்துல ஏறணும். மேல வச்சு பிரிஞ்சா ஆளு கீழ. பந்து வரும்போது அது பயந்துபோய்ச் சேந்துக்கிடுது. நான் சொன்னாக் கேக்காது. அதான் நெல்லு வெளையுத ஊருக்காரங்க நடக்கதப் பாத்துப் படிக்கலாம்னு போனேன்."

ஆறு மாதம் அந்தக் கால்களைத் திட்டினேன். அவை ஏன் சேருகின்றன என்று ஒருநாளும் கேட்கவில்லை. நான் செய்ததை அவரிடம் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தேன். குடை, நாய் எல்லாம் சொன்னேன். கடிதத்துக்கு வந்ததும் வேடிக்கையை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"தொரைக்கா?" என்றார்.

"ஆமா."

"கையெழுத்து?"

"என்னுது."

அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். கோல் பக்கம் நடந்தார். நான் கேப்டனிடம் ஓடி, கடிதத்தைக் கொடும் என்றேன். வந்து இறங்கியதுமே ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டுவிட்டாராம். நிச்சயம்னு நீருதானவே சொன்னீரு என்றார்.

கோல்கீப்பரை மாற்றுகிறோம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டு நான் பேக்காக நின்றேன். நின்றேன் என்பதே மிகை. மாசிலாமணி அந்தப் பாதியில் எத்தனை பந்தைத் தடுத்தார் என்று எனக்கு நினைவில்லை. ஒன்று மட்டும் கண்ணில் இருக்கிறது. என் காலிடுக்கில் புகுந்து தரையோடு போன பந்து. அவருக்கு இடப்பக்கம், கம்பத்தை ஒட்டி. அவர் சேற்றில் தழை மிதிப்பதுபோல இரண்டு அடி பக்கத்தில் வைத்தார். கால்கள் ஒட்டவில்லை. மூன்றாவது அடியில் தரையை விட்டார். இரண்டு காலும் வெவ்வேறு திக்கில், பிடிமானம் இல்லாமல், காற்றில். பதினாலு வருஷம் எதைச் செய்தால் சாவு என்று அந்த உடம்பு கற்றிருந்ததோ அதையே செய்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் விழுந்தார். கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். அவர்கள் ஊர் டீமுக்கு எதிராக.

நாங்கள் ஒரு கோலில் தோற்றோம். அந்த ஒன்று நான் விட்டது. திரும்பும்போது அவர் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. துரையைப் பார்க்கப் போனால், சேகரத்துச் சபைகள் உள்ள கிராமங்களுக்குப் பிரசங்கத்துக்குப் போயிருக்கிறார், திங்கள் காலைதான் வருவார் என்றார்கள். ஆகவே திங்களன்று விடிந்தும் விடியாததுமாய் அச்சாபீஸ் வாசலில் போய் நின்றேன். துரை வரவேண்டும், அல்லது தபால்காரர் வரவேண்டும். இருவரில் யாரையாவது முதலில் பிடித்துவிட வேண்டும்.

கடிதத்தின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். துரை முதலில் வந்தார், தபால் பின்னால் வந்தது. அவருடைய மேஜை முன்னால் நின்று, உறை பிரியுமுன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைப் படித்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார், அதை மடித்து என்னிடமே கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்திருக்கிறேன். நாற்காலிக் காலுக்கு அடியில் இருப்பது அதுதான். அதன் மேல் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் பிறர் கால்களைப் பார்த்தேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, துரை வருவதற்கு முன் வாசலில் நடந்தது. அச்சாபீஸில் அந்த மாதம் ஈய எழுத்துகள் கொஞ்சம் களவுபோயிருந்தன. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்ப்பதைக் காவல்காரர் கவனித்திருக்கிறார். பைய வந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். யாருவே, இங்கன என்ன சோலி என்றார். துரைக்கு வருகிற கடிதத்துக்காக நிற்கிறேன் என்றேன். துரைக்கு வருகிற கடிதம் உமக்கு எதுக்கு என்றார். நல்ல கேள்வி. நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் அவருடைய பிடி இறுகியது. என் முகத்தையே உற்றுப் பார்த்தார். கள்ளன் முகமாகத்தான் இருந்திருக்கும்.

அப்போது மாசிலாமணி வேலைக்கு வந்தார். வலக்கையில் சிராய்ப்பு, துணி சுற்றியிருந்தார். காவல்காரர் என்னைக் காட்டி, இந்த ஆளை உமக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால், தபால் எனக்கு முந்தியிருக்குமோ இல்லையோ, நான் அன்று போலீஸ் கச்சேரிக்குப் போயிருப்பேன். அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கால்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டும் குதிகாலோடு குதிகால் ஒட்டி விறைப்பாக நின்றன.

"தெரிஞ்ச ஆளுதான். கைய விடும்," என்றார்.

"நம்பலாமா?"

"நம்பலாம். பயந்தா காலைச் சேத்துக்கிடுவாரு. வேற ஒண்ணும் இல்ல."